மூன்று கைக்காரி

பெரிய யுத்தம் முடிந்து, ரொட்டிக்கும் சர்க்கரைக்கும் ஜனங்கள் வரிசையில் நின்ற காலம். லண்டன் பட்டணத்தில் டெஸ்மண்ட் என்று ஓர் ஓவியர் இருந்தார். மனிதர்களைத்தான் படமாகப் போடுவார், அதுவும் எண்ணெய்ச் சாயத்தில். பெரிய படம் தொடங்குமுன் ஒரு சின்னப் பலகையில் மாதிரி போட்டுப் பார்ப்பது அவர் வழக்கம்.

அப்படித்தான் மீன்கடை வின்னியை நாற்காலியில் உட்கார வைத்தார். அவளா சும்மா உட்காருவாள்? கொண்டையைத் தொட்டாள், டீக் கோப்பையை எடுத்தாள், ஈயை விரட்டினாள். கை போன இடமெல்லாம் தூரிகையும் போயிற்று. கடைசியில் பார்த்தால், மாதிரியில் வின்னிக்கு மூன்று கை.

"மாதிரிதானே, போகட்டும். பெரிய படம் முடிந்ததும் இதைச் சுரண்டிவிட்டு வேறு போட்டுக்கலாம்" என்றார் டெஸ்மண்ட். பலகைக்கும் பஞ்சமான காலம் அது.

இந்தப் பேச்சு மாதிரியின் காதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து பயத்தில் அதற்குச் சாயம்கூடச் சரியாகக் காயவில்லை.

பெரிய படத்துக்கோ உடம்பு வளர வளரத் தலைக்கனமும் வளர்ந்தது. "என்னைப் பாருடி. ரெண்டே கை, மடியில் அடக்கமாக. உனக்கெதற்கு மூன்றாவது, முதுகு சொறியவா?"

"அவள் ஆடினாள், நானும் ஆடினேன். வேறென்ன செய்ய?" என்றது மாதிரி.

மேசையில் கிடந்த சுரண்டுகத்தி கொட்டாவி விட்டது. "சண்டை வேண்டாம் பிள்ளைகளா. யாரைச் சுரண்டினாலும் எனக்கு ஒரே ருசிதான்."

படம் முடிந்தது. வின்னி தன் புருஷன் ஆல்ஃபைக் கூட்டி வந்தாள். பஸ் ஓட்டுகிறவர். பெரிய படத்துக்கு முன்னால் மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினார்.

"யார் சார் இந்தம்மா? பாதிரியார் சம்சாரமா?"

"நான்தான்யா" என்றாள் வின்னி.

"நீ என்னைக்குக் கையைக் கட்டிட்டு உட்கார்ந்தே?"

அப்போதுதான் கத்திக்குப் பக்கத்தில் கிடந்த மாதிரி அவர் கண்ணில் பட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இதோ இருக்காளே என் வீட்டுக்காரி! ஒரு கை கொண்டையில, ஒரு கை கோப்பையில. மூணாவது என் முதுகைத் தேடிக் கிளம்பிடுச்சு பாருங்க சார்."

சொல்லி வாய் மூடவில்லை, முதுகில் ஒன்று விழுந்தது. எந்தக் கை என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

டெஸ்மண்ட் இதைப் பார்த்தார், அதைப் பார்த்தார். பிறகு கத்தியை எடுத்தார். மாதிரி கண்ணை இறுக மூடிக்கொண்டது.

கரகரவென்று சத்தம். ஆனால் வலிக்கவில்லை. மெல்லக் கண்ணைத் திறந்தால், பெரிய படத்தின் மடியில் இருந்த கைகள் இரண்டும் கத்தியோடு வழிந்து வந்துகொண்டிருந்தன. சுவரில் ஓர் ஆணியை அடித்து, பார்த்துப் போட வசதியாக மாதிரியைத் தன் கண்ணுக்கு நேராக மாட்டினார் டெஸ்மண்ட்.

"என் கை போச்சே" என்று விசும்பியது பெரிய படம்.

மாதிரி நினைத்திருந்தால் பதிலுக்குச் சொல்லால் ஒரு குத்துக் குத்தியிருக்கலாம். குத்தவில்லை. "அழாதேடி, என்னையே பார்த்துக்கொண்டிரு. முதலில் கொண்டைக்கு ஒன்று வரும், அப்புறம் கோப்பைக்கு."

"மூன்றாவது?"

"அது வருகிறபோது, நீயே சிரித்துவிடுவாய்."