சாத்தையன் கட்டிய மண்டபம்

கேளுங்கள் பிள்ளைகளே, பெரியவர்களும் கேளுங்கள். ஆறு கடலில் கலக்கும் இடத்தில் மணற்பட்டினம் என்றொரு நகரம் முன்னொரு காலத்தில் இருந்தது. அங்கே கிளிஞ்சல் தெரு என்று ஒரு தெரு. மிளகு வியாபாரி சாத்தையன் அந்தத் தெருவுக்குத் தலைவர்.

தெரு பார்க்கச் சகிக்காது. சுவர்களில் காரை பெயர்ந்திருந்தது, பாதை குண்டும் குழியுமாகக் கிடந்தது, தெருக்கோடியில் ஆற்றுப் பக்கம் ஒரு பள்ளத்தில் புதர் மண்டியிருந்தது. சாத்தையனுக்கு வெட்கமாக இருந்தது. ஒருநாள் தெருவாரைக் கூட்டி, அரண்மனையை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம், நாமே சீர்செய்வோம் என்றார்.

எல்லாரும் இறங்கினார்கள். ஆண்கள் பாதைக்குக் கல் பதித்தார்கள். பெண்கள் சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். சாத்தையன் புதரை வெட்டி, அந்தப் பள்ளத்தைத் தூர்த்து, வழிப்போக்கர் தங்க ஒரு கல் மண்டபம் கட்டினார். கல் சுமந்து அவர் தோள் காய்த்துப்போனது. ஊரே வந்து பார்த்துப் புகழ்ந்தது.

பிறகு மழை வந்தது.

முதல் மழையில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. தெரு கெட்டுக் கிடந்த காலத்தில்கூட அப்படிப் புகுந்ததில்லை. சாத்தையனுக்கு ஒன்றும் புரியவில்லை. கல் பதித்ததில்தான் கோளாறு என்று நினைத்து, பெயர்த்து மறுபடி பதிக்கச் சொன்னார்.

இரண்டாம் மழையிலும் புகுந்தது. வாசற்படிகளை உயர்த்தச் சொன்னார். ஒருவர் உயர்த்தினால் தண்ணீர் அடுத்த வீட்டுக்குப் போனது. அவரும் உயர்த்தினால் எதிர்வீட்டுக்குப் போனது. பக்கத்து வீட்டார் முகம் பார்த்துப் பேசுவதையே நிறுத்தினார்கள்.

மூன்றாம் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. சாத்தையன் திகைத்துப்போனார். யாரும் சோம்பியிருக்கவில்லை, யாரும் கெடுதல் நினைக்கவில்லை, செய்ததெல்லாம் நல்ல வேலை. பின் எப்படித் தெரு முன்னைவிட மோசமானது? சோற்றில் கை வைத்தபடியே யோசித்துக்கொண்டிருப்பார்.

அப்போது யாரோ, தெருத் திருப்பத்தில் இருக்கும் வேம்பியின் சூளைதான் தண்ணீரைத் தடுக்கிறது என்றார்கள். வேம்பி கணவனை இழந்தவள். பானை சுட்டுப் பிழைப்பவள். அவள் மாமனார் காலத்திலிருந்தே சூளை அங்கேதான் இருந்தது. ஆனாலும் பேச்சு வாய்க்கு வாய் பரவி, தெருவே கடப்பாரையோடு கிளம்பியது. வேறு வழி தோன்றாமல் சாத்தையனும் தலையசைத்தார்.

வேம்பி மழையில் நனைந்தபடி சூளையை மறித்து நின்றாள்.

"ஐயா, இதை இடித்தால் தண்ணீர் வடிந்துவிடும் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா?"

சாத்தையனுக்குத் தெரியாது.

தெருவாரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, தண்ணீர் போன வழியிலேயே நடந்தார். சூளையருகே தண்ணீர் கணுக்கால் அளவு, நிற்காமல் ஓடியது. கீழே போகப் போக முழங்காலுக்கு ஏறியது. தெருக்கோடியில் இடுப்பளவு. அங்கே அவருடைய மண்டபத்தின் பின்சுவரில் முட்டி நின்றது. சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். ஆற்றை நோக்கிச் சரிந்த நிலம் தண்ணீர் தேங்காமல் வெறுமனே கிடந்தது. அவர் தூர்த்த பள்ளம்தான் தெருத் தண்ணீர் ஓடிய வழி.

அங்கே அவரைத் தவிர யாருமில்லை. நல்லதுக்குக் கட்டியது எப்படிக் கெடுதல் செய்யும்? சுவரைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், மறுபடி சுவரைப் பார்த்தார். மனம் ஒப்பவில்லை. ஆனால் பேசாமல் இருந்தால் மண்டபம் நிற்கும், சூளை விழும்.

திரும்பி வந்து ஒருவர் கையிலிருந்த கடப்பாரையை வாங்கிக்கொண்டார்.

"தண்ணீரை அடைத்தது என் மண்டபம். இடிக்க வேண்டியது அதைத்தான்."

யாரும் நகரவில்லை. ஊரே புகழ்ந்த மண்டபமா என்று இப்போது அவர்கள் குழம்பி நின்றார்கள். சாத்தையன் தனியே போய் முதல் கல்லைப் பெயர்த்தார். தண்ணீர் இரைந்துகொண்டு ஆற்றுக்குப் பாய்ந்தது. அதைக் கண்ட பிறகுதான் மற்றவர்களும் ஓடிவந்தார்கள். சாயங்காலத்துக்குள் தெருவில் பதித்த கல்லெல்லாம் வெளியே தெரிந்தது.

வேம்பி கூடையோடு வந்து, பெயர்த்த கல்லை எங்கே போடுவது என்று கேட்டாள்.

"நீங்களெல்லாரும் சொல்லுங்கள் அம்மா," என்றார் சாத்தையன். "இனிமேல் நான் கேட்டுவிட்டுத்தான் ஒரு கல் வைப்பேன்."

எல்லாரும் கூடிப் பேசி, பழைய பள்ளத்தை வாய்க்காலாக வெட்டி, அந்தக் கற்களாலேயே அதற்குக் கரை கட்டினார்கள்.

நல்லெண்ணத்தோடு செய்த வேலையும் பிழையாகலாம், அந்தப் பிழையைப் பிறர் தலையில் போடாமல் தன் கையாலேயே திருத்துகிறவரே ஊருக்கு நன்மை செய்கிறவர்.