உரிக்காத வாழைப்பழம்

ஒரே ஓர் ஊர் இருந்ததாம், கண்மணிகளே, ஊருக்குப் பெயர் தேரழுந்தநல்லூராம், அந்த ஊரை மகுடவர்த்தனர் என்றொரு ராஜா ஆண்டுவந்தாராம். ராஜாவுக்கு அனுமார் மேல் அளவில்லாத பக்தி. அந்த ஊரிலே ஒரு வழக்கம் உண்டு. பங்குனித் தேர் புறப்படும்போது, அனுமாருக்குச் சாற்றிய வடைமாலையிலிருந்து முதல் வடையை ஒரு குரங்கு கடிக்க வேண்டும். கடித்தால்தான் வடத்தில் கை வைப்பார்கள். இல்லையென்றால் தேர் நின்ற இடத்திலேயே நிற்கும், ஊருக்கு மழை வராது என்று பெரியவர்கள் சொல்லிவைத்திருந்தார்கள்.

அதுவரையில் தோப்பிலிருந்து ஏதாவது ஒரு குரங்கு தானாக இறங்கிவந்து கடித்துவிட்டுப் போகும். இந்த ராஜாவுக்கு மட்டும் ஒரு கவலை: "அது வராமல் போய்விட்டால்?" ஆகையினால் சொக்கு என்று ஒரு குட்டிக்குரங்கைப் பிடித்துவந்து, தங்கத்திலே கூண்டு கட்டி, பட்டுமெத்தை விரித்து, தணிகாசலம் என்ற உபசாரத் தலைவரைக் காவலுக்கு வைத்தாராம்.

தணிகாசலம் சாமானியப்பட்டவரா? வாழைப்பழத்தை உரித்து, நாரெடுத்து, வில்லை வில்லையாக நறுக்கி, வெள்ளிக் கிண்ணத்திலே வைத்து ஊட்டுவார். கடலையைத் தோலுரித்து ஊட்டுவார். ஒரு துரும்பு கீழே விழுந்தால் ஆள்விட்டுக் கூட்டுவார். சொக்குவும் கொழுகொழுவென்று வளர்ந்தது. வளர்ந்து, பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்தது. உட்கார்ந்து, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே தன் வாலிலிருந்து ஒவ்வொரு மயிராகப் பிடுங்கத் தொடங்கியது. வால் முருங்கைக்காய் மாதிரி ஆகிவிட்டது, பாவம்.

ராஜா பதறிப்போய் வைத்தியரை அழைத்தார். இதற்கு என்ன குறை என்று வைத்தியர் கேட்டார். "ஒரு குறையும் இல்லை, நகம் நோகாமல் வைத்திருக்கிறேன்" என்றார் தணிகாசலம். வைத்தியர் லேகியம் கொடுத்தார். சொக்கு முதுகைக் காட்டியது. அப்புறம் வீணை வித்துவான் வந்தார். அவரும் அதையே கேட்டார். "ஒரு குறையும் இல்லை, நகம் நோகாமல் வைத்திருக்கிறேன்." வித்துவான் நீலாம்பரி வாசித்து வாசித்துத் தாமே தூங்கிவிட்டார், சொக்கு முதுகைக் காட்டியது. அப்புறம் சோதிடர் வந்தார், அவரும் கேட்டார், அதே பதில்தான். சோதிடர் கூண்டை வடக்குப் பார்க்கத் திருப்பிவைத்தார். சொக்கு தெற்கே திரும்பிக்கொண்டது.

ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. தேரன்று இந்தக் குரங்கு வடையைக் கடிக்காவிட்டால், இதைப் பராமரித்தவர் கட்டிய துணியோடு ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று கட்டளையிட்டார்.

தணிகாசலம் யோசித்தார். பழி விழுவதற்கு ஒரு தலை வேண்டுமே. ஊரெல்லாம் தேடி, சோம்பலுக்கென்றே பேர் வாங்கிய கோமளத்தைக் கொண்டுவந்து, "இன்று முதல் குரங்கைப் பராமரிப்பவள் நீதான்" என்று கூண்டின் முன்னால் உட்காரவைத்தார். கோமளத்தின் புருஷன் செங்கோடன் தேர்வடம் திரிப்பவன். கோமளத்துக்குக் குடம் எடுத்தால் இடுப்பு வலிக்கும், கோலம் போட்டால் விரல் வலிக்கும். ஆனால் புருஷன் மேல் உயிர். அவனை விட்டு, வீட்டை விட்டுப் போக வேண்டும் என்றதும் அவள் ஓவென்று அழுதாள்.

அழுது என்ன செய்ய? ஒரு பழம் உரித்தாள், கை வலித்தது. இரண்டாவதை எடுத்தாள், கொட்டாவி வந்தது. புருஷனுக்குக் கட்டுச்சோறு முடிகிற பழைய துணியிலே பழத்தையெல்லாம் அப்படியே போட்டு, தேர்வடத்துக்குப் போடுகிற முடிச்சாக ஒன்று போட்டுக் கூண்டுக்குள் எறிந்துவிட்டுச் சுருண்டு படுத்துக்கொண்டாள்.

கண் விழித்துப் பார்த்தால், அடடா, சொக்கு மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு முடிச்சை இப்படி இழுக்கிறது, அப்படி இழுக்கிறது, பல்லால் கடிக்கிறது, தலையைச் சொறிகிறது. முடிச்சு அவிழ்ந்ததும் ஒரு துள்ளல். பழத்தைத் தானே உரித்துத் தின்று, தோலைக் கிரீடமாக வைத்துக்கொண்டு அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டியது.

மறுநாள் கடலை மூங்கில் குழாயிலே வந்தது. கொட்டித் தட்டில் பரப்ப வேண்டும். கோமளம் எழுந்திருக்கவில்லை; குழாயோடு உள்ளே தள்ளினாள். சொக்கு ஆட்டியது, உருட்டியது, குச்சியைவிட்டுக் குடைந்தது, ஒவ்வொரு கடலைக்கும் ஒரு கூத்து. அதற்கு மறுநாள் பொரியைக் கைதவறி வைக்கோலில் கொட்டிவிட்டாள். கூட்டினாளா? கூட்டவில்லை. சொக்கு பொழுது சாயும்வரை வைக்கோலைக் கிளறிப் பொரி பொறுக்கியது. இப்படியே நாள் போகப் போக வாலிலே பூனைமயிர் அரும்பியது. கம்பி வழியே சொக்குவின் கை நீண்டால் காவல்காரன் தலைப்பாகை நழுவியது. சோதிடர் குனிந்தால் பூணூலில் முடிச்சு விழுந்தது. அரண்மனையிலே யார் சிரிப்பது, யார் ஓடுவது என்று தெரியாத கும்மாளம்.

சத்தம் கேட்டு ராஜா வந்தார், பார்த்தார், பூரித்துப்போனார். இதைச் செய்தவர் யார் என்று கேட்டார். தணிகாசலம் அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு, "அடியேன்தான், மகாராஜா" என்றார். கோமளத்தைப் பின்வாசல் வழியாக வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அனுப்பிய கையோடு, இது என்ன குப்பை என்று வைக்கோலைக் கூட்டினார், குழாயை எறிந்தார், மறுபடி உரித்து, நறுக்கி, வெள்ளிக் கிண்ணம். சொக்கு மறுபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்தது.

தேர் நாளும் வந்தது. கூண்டோடு சொக்குவைத் தேரடிக்குத் தூக்கிவந்தார்கள். மேளம் முழங்குகிறது, சனம் அலைமோதுகிறது. தணிகாசலம் வடையைப் பிட்டு, மிளகெல்லாம் பொறுக்கியெடுத்து, விரல்நுனியிலே ஏந்தி நீட்டினார். சொக்கு முதுகைக் காட்டியது. மேளம் நின்றது. ராஜா முகம் கறுத்தது. தணிகாசலம் சட்டென்று, "பராமரிப்பவள் கோமளம்தான், மகாராஜா. அந்தச் சோம்பேறி கண் வைத்துவிட்டாள்" என்றார்.

கோமளத்தை இழுத்துவந்தார்கள். வடத்தருகே நின்ற செங்கோடனைப் பார்த்ததும் அவளுக்குக் கண்ணீர் முட்டியது.

"குரங்கை என்னடி செய்தாய்?" என்றார் ராஜா.

"நான் ஒண்ணுமே செய்யலீங்க, மகாராஜா. அதுதான் என் குத்தம். உரிக்கச் சொன்னாரு, உரிக்கல. கொட்டச் சொன்னாரு, கொட்டல. கூட்டச் சொன்னாரு, கூட்டல. எல்லாத்தையும் அதுவே செஞ்சுக்கிச்சு."

ராஜா அவளைப் பார்த்தார், குரங்கைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார். "அப்படியானால் இப்போதும் ஒன்றும் செய்யாதே பார்க்கலாம்" என்றார்.

கோமளம் மாலையிலிருந்து ஒரு முழு வடையை எடுத்து, முந்தானை ஓரத்தைக் கிழித்து அதிலே பொதிந்து, செங்கோடன் தேர்வடத்துக்குப் போடுகிற அதே முடிச்சைப் போட்டு வடத்தின் நுனியிலே கட்டினாள். கூண்டைத் திறந்துவிட்டாள். சொக்கு ஓரக்கண்ணால் பார்த்தது. ஒரே தாவல். இழுத்தது, கடித்தது, தலையைச் சொறிந்தது, முடிச்சு அவிழ்ந்தது, மொறுக்கென்று ஒரு கடி. அனுமாரே வாய்திறந்தாற்போலச் சனம் ஆர்ப்பரிக்க, தேர் கடகடவென்று நகர, சொக்கு உச்சிக் கலசத்தில் ஏறி உட்கார்ந்து தணிகாசலத்தின் தலைப்பாகையைக் கொடியாக ஆட்டியது.

தேர் நிலைக்கு வந்ததும் ராஜா தணிகாசலத்தை அழைத்து, "குரங்கை எப்படி வைத்திருந்தீர்?" என்றார்.

"நகம் நோகாமல், மகாராஜா."

"நல்லது. உமக்கும் அதே உபசாரம் நடக்கட்டும்."

தங்கக் கூண்டு, பட்டுமெத்தை, வேளாவேளைக்கு உருட்டி ஊட்டிய சோறு. முதல் நாள் தணிகாசலம் காலை நீட்டிக்கொண்டு இதுவல்லவோ சொர்க்கம் என்றார். அடுத்த நாள் கம்பிகளை எண்ணினார். அதற்கடுத்த நாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே மீசையிலிருந்து ஒவ்வொரு மயிராகப் பிடுங்கத் தொடங்கினார். அதைப் பார்த்து யாருக்கு இரக்கம் வந்தது தெரியுமா? சொக்குவுக்குத்தான். முடிச்சுப் போட்ட ஒரு கயிற்றுத் துண்டைக் கம்பிக்குள்ளே தள்ளிவிட்டு ஓடியது. தணிகாசலம் அதைப் பிரித்தார், போட்டார், மறுபடி பிரித்தார். ஊட்ட வந்தவனிடம், "சும்மா இருப்பா, வேலையாக இருக்கிறேன்" என்றாராம்.

ராஜா சிரித்துவிட்டு அவரை வெளியே விட்டார். கூண்டுக் கதவைக் கழற்றிப்போட்டார். சொக்கு தோப்புக்கும் அரண்மனைக்குமாகப் போய்வந்தது. கோமளத்துக்கு அரண்மனையில் ஒன்றும் செய்யாதிருக்கும் உத்தியோகம் கிடைத்தது. செங்கோடன்தான் பாவம், வீட்டில் குடம் எடுத்தான்.

கை கொடுத்த பெருமாள் அந்தக் கைக்கு வேலையும் கொடுத்திருக்கிறான், கண்மணிகளே. வேலையைப் பிடுங்கிக்கொண்டு பழத்தை மட்டும் கொடுத்தால் குரங்கும் வாடும், மனுஷனும் வாடுவான். தேரும் நிலைக்கு வந்தது, முடிச்சும் அவிழ்ந்தது, கதையும் தீர்ந்தது. இந்தாருங்கள், ஆளுக்கொரு வாழைப்பழம். நீங்களே உரித்துச் சாப்பிடுங்கள்.