எதிர் வாசலுக்கு ஒரு முகப்பு

"எத்தனை தடவை மாத்தினாலும் முகப்பு மட்டும் சரியா வரமாட்டேங்குதும்மா" என்றாள் உலகம்மாள்.

யோகாம்பாள் அம்மா, புது வீட்டின் வரைபடத்தை வாங்கித் தரையில் விரித்தார்.

ஒரு காலத்தில் சென்னையில் வீடுகள் வரைந்து கொடுத்தவர் அவர். அதையெல்லாம் விட்டுவிட்டு இலஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் தங்கியிருந்தார். உலகம்மாளைவிட வயதில் இளையவர்தான். ஆனாலும் மனசு கலங்கினால் அவரிடம் போய் உட்காருவது அவளுக்குப் பழக்கமாகியிருந்தது.

மனசு கலங்கும்படி வெளியே ஒன்றும் இல்லை. தென்காசியில் பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனி அவளுடையது. வாடகைக்கு எடுத்த ஒற்றைத் தையல் மிஷினில் தொடங்கியது. இப்போது ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தால், தெருவில் போகிற பிள்ளைகளில் பாதிப் பேர் மேல் அவள் தையல்தான். இடம் வாங்கியாயிற்று. வீடு கட்டப் போகிறாள்.

அம்மா படத்தை நிதானமாகப் பார்த்தார். மாடி வரைக்கும் ஏறும் தூண்கள். கருங்கல் பதித்த சுவர். முன்பக்கம் முழுக்க அகலமான கண்ணாடி.

"நல்லாத்தானே இருக்கு" என்றார்.

"நல்லா இருக்கும்மா. ஆனா போதலை."

"உள்ளே எப்படி?"

உள்ளே எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிட்டது என்றாள் உலகம்மாள். சமையலறை, மகளுக்கு ஒரு அறை, தனக்கு ஒரு அறை. எதையும் மாற்றத் தோன்றவில்லை. முகப்பை மட்டும் இன்ஜினீயர் வரைந்து வரைந்து அலுத்துவிட்டார். இனி வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லாத குறை.

அம்மா படத்தைத் திருப்பி, அதன் முகம் வெளியே வாசலைப் பார்க்கும்படி வைத்தார்.

"இதை யார் பாக்கணும்?"

"தெருவுல போறவங்க."

"யாரு?"

உலகம்மாள் சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள். "எதிர் வீட்டுக்காரங்க."

"பேரு இருக்குமே."



"கோமதிநாயகம்" என்றாள். "எங்க அண்ணன்."

அந்தப் பெயரை அவள் வாய்விட்டுச் சொல்லி வெகுகாலம் ஆகியிருந்தது. புருஷனோடு வாழ முடியாமல் கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்கு வந்து நின்ற அன்று, இந்த வீட்டில் இடமில்லை என்று அண்ணன் சொல்லிவிட்டார். பிள்ளைக்குப் பால் கொடுத்த கையோடு வெளியே வந்தவள் அவள். அந்தப் பிள்ளை இப்போது கல்லூரியே முடித்துவிட்டது. அன்றிலிருந்து அண்ணன் முகத்தில் அவள் விழிக்கவில்லை. எதிர் மனை விலைக்கு வந்தபோது மட்டும், வேறு எதையும் யோசிக்காமல் வாங்கிப் போட்டாள்.

அதையெல்லாம் சொன்னாள். கண்ணாடியைப் பற்றியும் சொன்னாள். அவள் கட்டப் போகும் வீடு மேற்குப் பார்த்தது. சாயங்கால வெயில் அந்தக் கண்ணாடியில் பட்டு, அண்ணன் வாசலில் போய் அடிக்க வேண்டும். இன்ஜினீயருக்கே தெரியாத விஷயம் அது.

அம்மா படத்தைச் சுருட்டி அவள் கையில் கொடுத்தார்.

"வீடு எழும்ப இன்னும் நாளாகும். அதுவரைக்கும் அவர் ஏன் காத்திருக்கணும்? போய்க் காட்டிட்டு வாங்க."

"அந்தப் படி நான் ஏற மாட்டேன்."

"ஏறச் சொல்லலையே. காட்டத்தான் சொன்னேன்."

"எனக்குத் தலைக்கனம்னு நினைக்கீங்களா?"

"நீங்க பெருமைப்பட வேண்டிய ஆளுதான்" என்றார் அம்மா. "அதை ஏன் பாதியில நிறுத்துறீங்க?"

உலகம்மாளுக்கு அது புரியவில்லை. கோபம்தான் வந்தது. கோபத்தோடேயே காரில் ஏறினாள்.

வழி நெடுக, அண்ணனிடம் சொல்ல வேண்டியதை அடுக்கிக்கொண்டே போனாள். எத்தனையோ வருஷமாக அடுக்கி வைத்ததுதான். இடமில்லை என்று சொன்னீகளே, பாருங்க எவ்வளவு இடம் என்று தொடங்கும்.

கோமதிநாயகம் வெளியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது. கார் நின்றதும் யாரோ என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். யாரென்று தெரிந்ததும் எழுந்துவிட்டார்.  

அவள் படிக்குக் கீழேயே நின்றாள். படத்தை நீட்டினாள்.

"எதுத்தாப்புல கட்டப் போறேன். காட்டிட்டுப் போலாம்னு வந்தேன்."

அவர்தான் படியிறங்கி வந்தார்.

படத்தை வாங்கி விரித்தார். மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். காற்றில் சுருண்ட முனையை உலகம்மாள் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. தூண்களைப் பார்த்தார். கல் சுவரை விரலால் தடவினார். அகலக் கண்ணாடி வந்ததும் விரல் நின்றது. எதிரே காலி மனையைப் பார்த்தார். திரும்பி, தன் வீட்டுக்குப் பின்னால் மேற்கே சாய்ந்துகொண்டிருந்த சூரியனைப் பார்த்தார். பிறகு தன் வாசலையும் ஒரு தடவை பார்த்தார்.

கண்டுபிடித்துவிட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது. சொல்லட்டும் என்று காத்திருந்தாள். சொன்னால் பதில் தயாராக இருந்தது.

"ஏட்டி, இவ்வளவு கண்ணாடி வச்சா உள்ள நீ வெந்து போவ" என்றார் அவர். "சின்ன வயசுலயே உனக்கு வெயில் ஆகாது."

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். கண்ணாடிக்கு மேலே நீளமாக ஒரு கோடு இழுத்தார். 

"இங்கன ஒரு சன்ஷேடு விடச் சொல்லு. நல்லா முன்னால வரட்டும்."

தன் வாசலைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

அடுக்கி வைத்திருந்ததையெல்லாம் விட்டுவிட்டு, உலகம்மாள் அந்தக் கோட்டையே பார்த்தாள்.

அதற்குள் பக்கத்து வீட்டு ரத்தினசபாபதி கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். கோமதிநாயகம் படத்தோடு அவரிடம் விறுவிறுவென்று நடந்தார். எதிர்ச் சாரியில் நின்றுகொண்டிருந்த இரண்டு பேரையும் கையசைத்துக் கூப்பிட்டார். எல்லாருக்கும் தெரியும்படி படத்தை மதில் மேல் விரித்துப் பிடித்தார்.

"எந்தங்கச்சி கட்டப்போற வீடு" என்றார்.

இவ்வளவு பெரிய வீடா என்று ஒருவர் கேட்டார்.

"கைப்பிள்ளையோட வந்தவளை இடமில்லேன்னு அனுப்பினவன் நான்" என்றார் கோமதிநாயகம். குரலைத் தாழ்த்தவில்லை. தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். "ஒருத்தர் கையையும் எதிர்பாக்காம நின்னு, இப்பம் என்ன கட்டுதா பாத்தீரா. பாரும், நல்லாப் பாரும்."

உலகம்மாள் நடுத்தெருவில் நின்றாள். கண் நிறைந்து வந்தது. அவள் துடைக்கவில்லை, தலையையும் குனியவில்லை. பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்றிருந்தது.

அன்று அவள் படியேறி, அண்ணி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

மறுநாள் காலையில் இலஞ்சி மண்டபத்துக்கு வந்தபோது, யோகாம்பாள் அம்மா பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"காட்டியாச்சா?"

"காட்டியாச்சும்மா."

"சரி, படத்தைக் குடுங்க. என்ன குறையுதுன்னு பாத்துத் திருத்துவோம்."

"படம் எங்கிட்ட இல்லை. அண்ணன் தரமாட்டேன்னுட்டாக. இன்னும் பாக்காதவங்க இருக்காங்களாம்."

"அப்போ முகப்பை எப்படி மாத்துறது?"

உலகம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இனிமே மாத்த முடியாதும்மா. தெரு பூரா காட்டிட்டாக."