இரண்டு மடங்கு வேகம்

"அறுபத்திரண்டு வகுப்பையும் பார்த்துட்டேன் மேடம். ஒண்ணு விடலை. அப்புறமும் ஏன் வைவாவுல ஃபெயில் போட்டீங்க?"

தணிகைவேலுக்கு நாற்பத்து மூன்று வயது. எதிரே உட்கார்ந்திருந்த பேராசிரியை மெஹருன்னிசா அவனைவிடப் பத்து வயது சின்னவர்.

வேலை பார்த்துக்கொண்டே தோதான நேரத்தில் படிக்கலாம் என்றுதான் அந்த மென்பொருள் முதுகலைப் படிப்பில் அவனைச் சேர்த்தார்கள். சேர்க்கும்போது எல்லாரும் தேன் ஒழுகத்தான் பேசுவார்கள். தோதான நேரம் என்று ஒன்று அவனுக்கு இருந்ததே இல்லை. ஆபீஸ் மீட்டிங்குக்கு நடுவில், வாயில் சோற்றை வைத்துக்கொண்டு, பல் தேய்த்துக்கொண்டு, பதிவு செய்த வகுப்புகளைப் போனில் பார்த்தான்.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் இது இரண்டாவது தோல்வி. அடுத்த மாதம் கடைசி வாய்ப்பு. அதுவும் போனால், ஆபீஸில் வீட்டுக்கு அனுப்பப்படுகிறவர்கள் பட்டியலில் அவன் பெயர் முதலில் இருக்கும்.

"வைவாவுல என்ன கேட்டேன்?"

"நான் எழுதின புரோகிராம் எப்ப காலை வாரும்னு கேட்டீங்க."

"நீங்க?"

"வாராதுன்னேன்."

"வகுப்பை எந்த வேகத்துல பார்த்தீங்க?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. "ரெண்டு மடங்கு வேகத்துலதான். எல்லாரும் அப்படித்தான் மேடம். இல்லேன்னா எப்படி முடிக்கிறது?"

மெஹருன்னிசா மடிக்கணினியைத் திறந்தார். அறுபத்திரண்டில் ஒன்பதாவது வகுப்பின் வீடியோவைச் சாதாரண வேகத்தில் ஓடவிட்டார். திரைக்குள் இருந்த மெஹருன்னிசா, "இது எப்ப நம்ம காலை வாரும்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றார்.

"படம் நின்னுடுச்சு போல."

"நிக்கலை."

அவன் விரல் தானாக, முன்னே தள்ளும் பொத்தானுக்குப் போனது. அவர் கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஒவ்வொரு வகுப்புலயும் கேள்வி கேட்டுட்டு ஒரு நிமிஷம் காத்திருப்பேன். நீங்க யோசிக்கிறதுக்கு."

"பேச்சு நின்னா தள்ளிவிட்டுடுவேன் மேடம். பழக்கமாயிடுச்சு. போன்ல வர்ற வாய்ஸ் மெசேஜையும் அப்படித்தான். பேச்சு நின்னா நிறுத்திட்டு, ஏதாவது பதில் தட்டிவிட்டுடுவேன். அப்பா அனுப்பினதெல்லாம்கூட..."

அவன் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தான்.

"போன மாசம் தவறிட்டார். அரக்கோணத்துல தனியா இருந்தார். நெஞ்சுவலி. சொல்லாம கொள்ளாம போயிட்டார் மேடம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஓடிப் போயிருப்பேன்."

மெஹருன்னிசா மடிக்கணினியை மூடினார்.

"கடைசியா அனுப்பினது இருக்கா?"

"இருக்கு. கேட்டதுதான். மழை பெய்யுதும்பார், சாப்டியாம்பார்."

அவர் அவனுடைய போனைப் பார்த்தார். அவ்வளவுதான். அவன் எடுத்தான். வேகத்தைக் குறைத்தான்.

"நைனா, நான்தான். இங்க மழை புடிச்சிக்கிச்சு. சாப்டியா?"

பேச்சு நின்றது. தகரத்தின் மேல் மழை விழும் சத்தம் மட்டும் கேட்டது.

மகனை நைனா என்று கூப்பிடும் அப்பா, ரயில்வே கேட்டில் முப்பது வருஷம் வேலை பார்த்த மனுஷர். கேட்டை மூடச் சொல்லி ஸ்டேஷனிலிருந்து வரும் போனில் அவர் ஏதாவது கேட்டால், மறுமுனையிலிருந்து உடனே பதில் வரும். அந்தப் பழக்கத்தில், வாய்ஸ் மெசேஜிலும் பதிவுப் பொத்தானை அழுத்திய விரலை எடுக்காமல் மகனுடைய பதிலுக்குக் காத்திருந்தார்.

தணிகைவேல் இதுவரை கேட்டது இவ்வளவுதான்.

"சரி, வேலையா இருப்ப," என்றது குரல். "காலைலேர்ந்து மார்ல என்னமோ அடைக்கிற மாதிரி இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போகட்டா?"

மழை.

"இல்ல, நாளைக்குப் பாத்துக்கலாமா நைனா?"

மழை. ஓர் இருமல். மறுபடி மழை. நாற்பது விநாடி அவர் காத்திருந்தார்.

அதற்குக் கீழே, அடுத்த நிமிஷமே அவன் அனுப்பிய பதில் இருந்தது.

தூக்கிய கட்டைவிரல்.