மஞ்சமூக்கன்

ஆவுடையப்பன் கொக்கைக் கல்லால் அடிக்கிறார் என்ற செய்தி மடத்துக்கு வந்தபோது ஒருவரும் நம்பவில்லை. பூவாணிக் குளத்துக் கொக்குகளுக்கு அவர்தான் காவல் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த காலம் அது.

மடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. குளத்தங்கரையில் ஒரு ஓட்டுக் கட்டடம். அதை நடத்தியவர் குழல்வாய்மொழி. எல்லோருக்கும் மொழியம்மா. சீடர்களில் மூத்தவரான ஆவுடையப்பன், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வயதில் குருவையும் விட மூத்தவர். அதனால் மொழியம்மாவும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

பௌர்ணமிதோறும் மடத்தில் கதை சொல்வது வழக்கம். சொல்பவர் உட்கார ஒரு பலாப் பலகை உண்டு. பல வருடங்களாக அதில் ஆவுடையப்பன்தான் உட்கார்ந்தார். டிக்கெட் கேட்கிற குரலில் கதை சொல்வார். பாதிப் பேர் நன்றாகத் தூங்குவார்கள்.

கார்த்திகைப் பௌர்ணமிக்கு அவருக்குக் காய்ச்சல். மாசானம் உட்கார்ந்தான். வில்லுப்பாட்டுக் குழுவில் பின்பாட்டு பாடிவிட்டு, அந்த வருடம்தான் மடத்துக்கு வந்து சேர்ந்தவன். அடுத்த மாதம் ஆவுடையப்பனுக்குக் காய்ச்சல் இல்லை. ஆனாலும் வந்தவர்கள் மாசானத்தைத்தான் கேட்டார்கள். ஆவுடையப்பன் சொல்லிவந்த அதே கதைகள். ஒருவரும் தூங்கவில்லை.

அடுத்து வருவது தைப்பூசம். வருடத்திலேயே பெரிய கூட்டம் அன்றுதான். பலகை யாருக்கு என்று மொழியம்மா இன்னும் சொல்லவில்லை.

ஆவுடையப்பன் விடிந்ததும் குளத்துக்குப் போகிறவர். மடையோரச் சேற்றில் ஒரு பெரிய வெள்ளைக் கொக்கு நிற்கும். உடம்பை விட நீளமான கழுத்து, மஞ்சள் மூக்கு. கிட்டப் போய்ப் பார்த்தால் இடது காலில் நடுவிரல் கிடையாது. ஏதோ ஒரு வலையில் போயிருக்க வேண்டும். கூட்டத்தோடு சேராமல் தனியாக நிற்கும். எவ்வளவு நேரமானாலும் அசையாது. திடீரென்று கழுத்து நீளும். மீன் தொண்டைக்குள் இறங்குவது வெளியே தெரியும். மறுபடியும் அசையாது. அதற்கு மஞ்சமூக்கன் என்று பெயர் வைத்திருந்தார். நம்மைப் போல ஒன்று என்ற நினைப்பு அவருக்கு.

காய்ச்சல் விட்டு, மார்கழி பாதியில்தான் மறுபடியும் குளத்துக்குப் போனார். மஞ்சமூக்கனைக் காணவில்லை. அதே இடத்தில் வேறொன்று நின்றது. மூக்கு கரிக்கட்டை. கண்ணோரம் கிளிப்பச்சை. முதுகிலிருந்து மெல்லிய இழைகளாகத் தோகை இறங்கி, சல்லாத் துணி மாதிரி காற்றில் ஆடியது. ரோட்டில் போனவர்கள் வண்டியை நிறுத்திப் போனில் படம் எடுத்தார்கள். மஞ்சமூக்கனை யாரும் படம் எடுத்ததில்லை.

ஆவுடையப்பன் முதல் கல்லை எறிந்தது அன்றைக்குத்தான்.

வலை வீசிக்கொண்டிருந்த ஒருவர் கேட்டார்: "என்ன வே, கொக்குக்கும் உமக்கும் வரப்புத் தகராறா?"

"இது எங்கிருந்தோ வந்த வந்தட்டி. ஏற்கெனவே நின்னதை விரட்டிட்டு நிக்கி."

அதன் பிறகு தினமும் எறிந்தார். ஒன்றும் படவில்லை. கொக்கு எழும்பும், கரகரவென்று ஒரு சத்தம் போடும், கால் இரண்டையும் பின்னால் நீட்டிக்கொண்டு அக்கரைக்குப் போகும். மறுநாள் அங்கேயே வந்து நிற்கும்.

பூசத்துக்கு இரண்டு நாள் முன்பு மாசானம் அவரிடம் வந்தான்.

"அண்ணாச்சி, அந்தக் குடைக்காரன் கதை இருக்குல்லா?"

"எந்தக் குடைக்காரன்?"

"கடைசிக் குடையை வித்துட்டு மழையில நனைஞ்சு வீட்டுக்கு வருவானே. பொண்டாட்டி கேப்பா, உனக்கு ஒண்ணு வச்சிக்கிடக் கூடாதான்னு. அதுக்கு அவன் என்ன சொல்லுவான்? நீங்க சொல்லும்போது எனக்கு அழுகை வந்திரும். நான் சொன்னா வரமாட்டேங்கு."

ஆவுடையப்பன் வேட்டியை உதறிக் கட்டினார்.

"மறந்துபோச்சு" என்றார்.

"நீங்களா மறந்தீங்க?"

"வயசாகுதுல்லா. நீதான் எல்லாம் தெரிஞ்சவனாச்சே, நீயே ஒண்ணு ஒட்டிக்கோ."

மறுநாள் காலை மொழியம்மா குளத்துக்கு வந்தார். ஆவுடையப்பன் இரண்டு கல் பொறுக்கி வைத்திருந்தார். குரு வந்ததற்காக அவர் எறியாமல் இருக்கவில்லை. முதல் கல் தண்ணீரில் விழுந்தது. கொக்கு எழும்பிப் போயிற்று.

"அது என்ன பாவம் செஞ்சது அண்ணாச்சி?"

"நேத்து வந்ததும்மா அது. தோகையும் மினுக்கும். பழசு இத்தனை வருஷமா ஒரு சத்தமில்லாம நின்னுது. அதைக் காணும். எங்க போச்சுன்னு கேக்க ஒரு நாதியில்லை. எல்லாவனும் இதைப் பாத்து வாயைப் பிளக்கான்."

"கொக்கைத்தான் சொல்லுதியளா?"

அவர் இரண்டாவது கல்லைக் கைக்குள் இறுக்கிக்கொண்டார்.

மொழியம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினார். கொக்கு நின்ற இடத்தில் குனிந்து பார்த்தார்.

"இங்க வாங்க."

ஆவுடையப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். சேற்றில் கொக்கின் காலடி புதிதாக இருந்தது. தண்ணீர் அப்போதுதான் ஊறிக்கொண்டிருந்தது. வலது காலில் முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று. இடது காலில் முன்னால் இரண்டுதான்.

அவர் குந்தி உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தார். கல்லெறிகிற தூரத்திலிருந்து கால்விரல் தெரிவதில்லை.

"மஞ்சமூக்கனா?" என்றார்.

"அதேதான். கூடு கட்டுத காலத்துல அதுக்கு மூக்கு கருத்திரும். கண்ணோரம் பச்சை ஏறும். முதுகுல தோகை இறங்கும்."

"என் கண்ணு முன்னாலயா மாறுச்சு?"

"காய்ச்சல்ல கிடந்தியள்லா."

"பொறவு?"

"குஞ்சு வளரும்போது தோகை உதிர்ந்திரும். மூக்கு பழையபடி மஞ்சளாயிரும். அப்ப எவனும் படம் எடுக்க மாட்டான்."

அக்கரையில் கொக்கு இறங்கிச் சிறகை மடித்தது. ஆவுடையப்பன் எழுந்தார். முழங்கால் வரை சேறு.

"பூசத்துக்குப் பலகையில யாரும்மா?"

"மாசானம்தான்."

அவர் குளத்தைப் பார்த்தபடி நின்றார். கேட்கக் கூடாது என்று நினைத்து, பிறகு கேட்டார்.

"அப்ப நான்?"

மொழியம்மா கரையேறிக் காலைக் கழுவினார்.

"குடைக்காரன் கதையோட முடிவு மறந்துபோச்சுன்னு அவன்கிட்ட சொன்னியளாமே?"

ஆவுடையப்பன் தலையைக் குனிந்தார்.

"கையில இருக்க கல்லைக் கீழ போடுங்க அண்ணாச்சி. ஞாபகம் வந்திரும்."