கரடி தூங்கிப்போன சட்டம்

"வேறு சாமி கும்பிடுகிறவர்கள் மன்றத்துக்கு வந்தால், அவர்களை..."

அவ்வளவுதான் ஹால்டர் கரடிக்கு ஞாபகம் இருந்தது. அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை.

வடக்கே, பனி சூழ்ந்த ஒரு கடற்குடாவில் விலங்குகளின் ராஜ்ஜியம் ஒன்று இருந்தது. அங்கே சட்டத்தை யாரும் எழுதி வைப்பதில்லை. ஒரே ஒரு தலைக்குள் அத்தனை சட்டமும் இருக்கும். அந்தத் தலைக்குச் சொந்தக்காரர் சட்டஞ்சொல்லி. வருஷத்துக்கு ஒருமுறை மன்றம் கூடும்போது சட்டஞ்சொல்லி பாறைமேல் ஏறி எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் வாயிலிருந்து வந்தால்தான் அது சட்டம். தொடர்ந்து மூன்று மன்றத்தில் அவர் சொல்லாமல் விட்டது செத்த சட்டம்.

முன்பு சட்டஞ்சொல்லியாக இருந்தது ஒரு கிழட்டுப் பனிமான். அது தன் கடைசி நாட்களில் ஹால்டரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, சட்டம் முழுவதையும் ஒப்பித்தது. என்ன செய்வது, அது முன்பனிக் காலம். நூற்றுப் பத்துச் சட்டம்வரை கரடி கண்ணை விரித்துக்கொண்டு கேட்டது. கடைசிச் சட்டமான நூற்றுப் பதினோராவதின் நடுவில் முதல் பனி விழுந்தது. கரடியின் கண்ணிமையும் விழுந்தது. கண் திறந்தபோது வசந்தம் வந்திருந்தது. பனிமான் போயிருந்தது.

பாதிச் சட்டத்தை வைத்துக்கொண்டு ஹால்டர் மூன்று மன்றங்களைச் சமாளித்துவிட்டது. "அவர்களை..." என்று சொல்லிவிட்டு நீளமாக இருமும். அந்த நேரம் பார்த்து ஸ்கோகி என்ற நரி கீழேயிருந்து கத்தும். "வெளியே நிறுத்துக! அதானே அண்ணே?" கூட்டம் தலையாட்டும். கரடி சட்டென்று பாறையைவிட்டு இறங்கிவிடும்.

அந்த ராஜ்ஜியத்தில் பெரும்பாலோர் இடியாண்டவரைக் கும்பிட்டார்கள். சாட்சி சொல்ல வருகிறவர் இரும்பு வளையத்தைத் தொட்டு, "நான் சொல்வது பொய்யானால் இடி என் தலையில் விழட்டும்" என்று சத்தியம் செய்ய வேண்டும். ஸ்கோகிக்கு அந்தச் சத்தியம் ரொம்பப் பிடிக்கும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று செய்யும். அந்தக் குடாவில் இடி இடிப்பதோ ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை.

கடல்வாத்துகள் மட்டும் அலையம்மையைக் கும்பிட்டன. அவை வளையத்தைத் தொடுவதில்லை. அதனால் எந்த வழக்கிலும் அவை ஜெயித்ததில்லை.

நாலாவது வருஷம் மன்றம் கூடியது. முதல் வழக்கே ரக்னா என்ற கடல்வாத்துடையது.

"சட்டத்தாரே, என் கூட்டுல அஞ்சு முட்டை இருந்துச்சு. முந்தாநாள் நான் இரைக்குப் போனேன். திரும்பி வர்றப்போ ஸ்கோகி என் கூடு இருக்கிற திட்டிலேர்ந்து குதிச்சு ஓடுறதைப் பார்த்தேன். இப்போ மூணுதான் இருக்கு."

"ஐயோ பாவம்," என்றது ஸ்கோகி. "இந்தம்மாவுக்கு எண்ணத் தெரியாதுபோல."

"எனக்கு ஓட்டப்பந்தயம்தான் தெரியாது. உனக்கு நல்லாத் தெரியுது," என்றது ரக்னா.

முயல்கள் சிரித்தன. பூசாரி ஆடு தொண்டையைக் கனைத்தது. இடியாண்டவரின் தேரை இழுத்த ஆட்டின் வம்சம் தான் என்பது அதன் பேச்சு. இரும்பு வளையத்தைக் கொம்பில் மாட்டிக்கொண்டுதான் அது எங்கேயும் நடக்கும்.

"அம்மா, வளையத்தைத் தொடு. சத்தியம் பண்ணு. இல்லேன்னா நீ சொன்னது வெறும் பழி. இடியாண்டவர் பிள்ளைமேல பழி போட்டவங்க பொழுது சாயறதுக்குள்ள குடாவை விட்டே போயிடணும். அதுவும் சட்டம்."

அது தெளிவான சட்டம். எண்பத்தேழாவது. கரடி விழித்திருந்து கேட்டது.

ரக்னா திரும்பித் திட்டைப் பார்த்தது. முட்டை பொரிய இன்னும் பத்து நாள் இருந்தது. முட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு எந்த வாத்தும் பறந்ததில்லை. விட்டுப்போனால் ஒரே ராத்திரிக் குளிரில் மூன்றும் கல்லாகிவிடும்.

"சட்டத்தாரே, ஒண்ணு கேக்குறேன். நான் கும்பிடாத சாமி பேர்ல நான் சத்தியம் பண்ணி உங்களுக்கு என்ன லாபம்? அதை மீறினா எனக்கு பயமே இருக்காதே. என்னை எங்க அலையம்மை பேர்ல பண்ண விடுங்க. அப்பதான் எனக்கு நாக்கு நடுங்கும்."

கரடி காதைச் சொறிந்துகொண்டது. இந்தக் கேள்வி ஏன் நமக்கு இத்தனை நாள் தோன்றவில்லை என்று அதற்கு ஒரே யோசனை.

"உங்க சத்தியம் எப்படி?"

"வழக்காடுற ரெண்டு பேரும் வாய் நிறையக் கடல்தண்ணி பிடிச்சுக்கணும். கேட்ட கேள்விக்குத் தலையாலதான் பதில். முடியறவரைக்கும் முழுங்கக் கூடாது, சிந்தக் கூடாது. கடைசியில எல்லார் கண்ணு முன்னாடியும் கல்தொட்டியில விடணும்."

ஸ்கோகி விழுந்து விழுந்து சிரித்தது. "இதுக்குப் பேரு சத்தியமா? வாய் கொப்பளிக்கிறது! அண்ணே, இந்தத் தண்ணியில என்ன இருக்கு? நான் ஒரு குடம் பிடிச்சுக்கிட்டு நிப்பேன்."

"சரி, பிடி," என்றது கரடி.

ஸ்கோகியின் சிரிப்பு நின்றது. "சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்ணே. நம்ம சாமி கோவிச்சுக்கும். பூசாரி ஐயா, நீங்க சொல்லுங்க."

ஆடு ரொம்ப நேரம் தாடியை ஆட்டி யோசித்தது. "மழை இடியாண்டவர் குடுக்கிறது. மழைதான் கடல்ல விழுது. பாக்கப்போனா அதுவும் நம்ம தண்ணிதான். பிடிச்சுக்கோ தம்பி, தோஷமில்லை."

வேறு வழியில்லை. ஸ்கோகி வாய் நிறையத் தண்ணீர் பிடித்தது. அதன் கன்னம் இரண்டும் பந்துபோல உப்பின. ரக்னாவும் அலகை நிரப்பிக்கொண்டு நின்றது.

மன்றத்தில் அப்படி ஓர் அமைதி அதுவரை இருந்ததில்லை. ஸ்கோகியின் வாய் மூடியிருந்து யாருமே பார்த்ததில்லை. ஒரு முயல்குட்டி தன் அம்மாவிடம், "நரிக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டது.

"ரக்னா, இவன் ஓடுறதை நீ உன் கண்ணால பார்த்தியா?" என்று கரடி கேட்டது.

ரக்னா ஆமாம் என்று தலையசைத்தது. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

"ஸ்கோகி, நீ திட்டுக்குப் போனியா?"

இல்லை என்று ஸ்கோகி தலையாட்டியது. அத்தோடு நிறுத்தினால் அது ஸ்கோகி இல்லை. முந்தாநாள் தான் மாமன் வீட்டில் இருந்ததாக வாலால் காட்டியது. மாமனுக்குக் கால்வலி என்று முன்காலால் காட்டியது. அவருக்குத் தைலம் தேய்த்துவிட்டதையும் காட்டியது.

"கூட்டுல வாயை வச்சியா?"

ஸ்கோகி மறுபடியும் தலையை ஆட்டப் போனது. பாதியில் நின்றது. கண் அகல விரிந்தது. மூக்கு ஒரு பக்கம் கோணியது, பிறகு இன்னொரு பக்கம் கோணியது. தொண்டைக்குள் ஏதோ கிச்சுக்கிச்சு மூட்டியது. காதைப் பின்னால் மடக்கிப் பார்த்தது. ஒற்றைக் காலில் நின்று பார்த்தது. வாலைக் கடித்துக்கொள்ளலாம் என்றால் வாய் காலியில்லை.

ஹச்ச்சூ!

அத்தனை தண்ணீரும் பூசாரி ஆட்டின் முகத்தில் போய் விழுந்தது. ஆடு கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் தாடியைக் குனிந்து பார்த்தது. தாடி முழுக்கச் சாம்பல் நிறத்தில் மெல்லிய இறகுத்தூவி ஒட்டியிருந்தது. கடல்வாத்துகள் தங்கள் மார்பிலிருந்து பிடுங்கிக் கூட்டுக்குள் மெத்தைபோலப் பரப்பி, முட்டைகளை மூடிவைக்கும் தூவி அது. பல்லிடுக்கில் இரண்டு நாளாகச் சிக்கிக்கிடந்தது தண்ணீர் பட்டதும் கிளம்பிவிட்டது.

"அது... அது என் தலையணைப் பஞ்சு," என்றது ஸ்கோகி.

"நீ தலையணையைத் தின்பியா?" என்றது ஆடு.

மன்றமே உருண்டு சிரித்தது. கடல்நாய்கள் வயிற்றைத் தட்டிக்கொண்டன. முயல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. ரக்னா மட்டும் சிரிக்கவில்லை. வாயில் தண்ணீர் இருந்தது. வழக்கு இன்னும் முடியவில்லையே.

ஸ்கோகிக்கு வாய் திரும்பக் கிடைத்துவிட்டது. "சிரிங்க, நல்லா சிரிங்க. சட்டம் என்ன சொல்லுது? இந்தம்மா வளையத்தைத் தொட்டாங்களா? இல்லை. அப்போ வழக்கே இல்லை. வழக்கில்லாத இடத்துல தூவி இருந்தா என்ன, முட்டை ஓடு இருந்தா என்ன? வேறு சாமி கும்பிடுறவங்களை வெளியே நிறுத்தணும். அண்ணே, சட்டத்தைச் சொல்லுங்க."

சிரிப்பு அடங்கியது. ஆடு தாடியைப் பிழிந்துகொண்டே, "அது வாஸ்தவம்தான்," என்று முணுமுணுத்தது. எல்லாரும் பாறையைப் பார்த்தார்கள். பொழுதும் மேற்கே இறங்கிக்கொண்டிருந்தது.

ஹால்டர் பாறைமேல் ஏறியது. வழக்கம்போல இருமல் வந்தது. அதை விழுங்கிக்கொண்டது.

"மகாஜனங்களே, அந்தச் சட்டத்தோட பின்பாதி எனக்குத் தெரியாது. பனிமான் சொன்னப்போ நான் தூங்கிட்டேன்."

"மூணு வருஷமாவா தூங்கினீங்க?" என்றது ஒரு கடல்நாய்.

"மூணு வருஷமா வெக்கப்பட்டேன். வெக்கத்துல இருமினேன். நான் இருமின இடத்துல இந்த ஸ்கோகி சட்டம் போட்டான். ஆனா 'வெளியே நிறுத்துக'ன்னு என் வாயிலேர்ந்து ஒருநாளும் வரலை. அதனால அது சட்டமே இல்லை. பனிமான் என்ன சொல்லுச்சோ, அதையும் நான் மூணு மன்றத்துல சொல்லலை. அதனால அதுவும் செத்துப்போச்சு."

ஸ்கோகி வாயைத் திறந்தது. பக்கத்திலிருந்த கடல்நாய் கல்தொட்டியை அதன்பக்கம் மெல்ல நகர்த்தியது. ஸ்கோகி வாயை மூடிக்கொண்டது.

ஆடு கேட்டது. "அப்போ அந்த இடத்துல இப்போ என்னதான் இருக்கு ஐயா?"

கரடி குனிந்து ரக்னாவைப் பார்த்தது. ரக்னா அலகில் தண்ணீரோடு, ஒரு சொட்டுச் சிந்தாமல், நின்ற இடத்திலேயே நின்றது.

ஹால்டர் நிமிர்ந்து, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி நூற்றுப் பதினோராவது சட்டத்தை முழுதாகச் சொன்னது. "வேறு சாமி கும்பிடுகிறவர்கள் மன்றத்துக்கு வந்தால், அவர்களைத் தங்கள் சாமியின் பெயராலேயே பேச விடுக, யார் எதைக் கும்பிட்டாலும் உண்மை உண்மைதான், நீதியும் எல்லாருக்கும் ஒன்றுதான்."