குற்றாலலிங்கம் பேசாமல் பறந்த நாள்

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் முழுதாக நம்பியதில்லை. நடந்தது என்பதில் சந்தேகம் இல்லை. அது முடிகிற இடத்தில்தான் எனக்கு எப்போதும் இடறியது.

எனக்குச் சொன்னவர் பெனிட்டா. கிளைடர் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கிளைடர் என்றால் எஞ்சின் இல்லாத விமானம்.

புதிதாகப் பழக வருகிறவர்களை முதல் நாள் வேப்பமர நிழலில் உட்காரவைத்து இந்தக் கதையைச் சொல்வார். என்னையும் அப்படித்தான் உட்காரவைத்தார்.

கதை ஒரு கேள்வியில் தொடங்கும்.

"மேடம், என்னை எப்போ தனியா விடுவீங்க?"

கேட்டவர் குற்றாலலிங்கம். தென்காசியில் லாரி புக்கிங் ஆபீஸ் நடத்தியவர். அறுபதை நெருங்கும்போது அதை மகனிடம் ஒப்படைத்துவிட்டுப் பறக்க வந்தார். பெனிட்டாவுக்கு, அவருக்கு மகளாக இருக்கக்கூடிய வயது.

"விடவேண்டிய அன்னிக்கு விடுவேன் சார்."

"அதுக்குள்ள என் கண்ணு போயிரும் மேடம்."

அவர் மிகைப்படுத்தவில்லை. சர்க்கரை கண்ணுக்குள் இறங்கியிருந்தது. அந்த வருடம் மருத்துவச் சான்றிதழில் கையெழுத்துப் போட்ட டாக்டர், அடுத்த வருடம் என்னிடம் வராதீர்கள் என்று சொல்லிவிட்டார். டாக்டர் கையெழுத்து இல்லாத ஆளை யாரும் மேலே அனுப்ப முடியாது.

அதற்குள் ஒரே ஒரு தடவை, பின் சீட்டில் யாரும் இல்லாமல் பறந்துவிட வேண்டும்.

அவ்வளவுதான் அவர் கேட்டது.

*

இரண்டாம் உலக யுத்த காலத்தில் போட்டு, யுத்தம் முடிந்ததும் எல்லோரும் மறந்துபோன ஓடுதளத்தில்தான் பயிற்சி. இரண்டு பக்கமும் சீமைக் கருவேல மரம். ஒரு கோடியில் கிளைடர் நிற்கும். மறுகோடியில் ஒரு வின்ச். அது கம்பியைச் சுருட்டி இழுக்க, கிளைடர் பட்டம்போல மேலே ஏறும். உச்சியில் கம்பியைக் கழற்றிவிட்டால், பிறகு காற்று மட்டும்தான்.

முன் சீட்டில் பழகுகிறவர். பின் சீட்டில் பெனிட்டா.

குற்றாலலிங்கத்திடம் ஒரே ஒரு குறை. பேசுவார்.

கம்பி கழன்ற சத்தம் கேட்டதும் ஆரம்பித்துவிடுவார்.

"மேடம், ஒரு விமானம் இருந்துச்சு. எஞ்சின் ஒரு பக்கம், ஆள் உக்கார்ற கூடு இன்னொரு பக்கம். கோணத் தராசு மாதிரி. பார்த்தா, இது எங்கய்யா பறக்கப்போகுதுன்னு தோணும். சும்மா அம்சமா பறந்துச்சு மேடம்!"

"நூலைப் பாருங்க சார்."

கிளைடரின் கண்ணாடி மூடிமேல், வெளியே, ஒரு துண்டு கம்பளி நூலை ஒட்டியிருப்பார்கள். விமானம் ஒழுங்காகப் போனால் நூல் நேராகப் படுத்திருக்கும். ஓட்டுகிறவர் காலும் கையும் ஒத்துப்போகாவிட்டால் நூல் ஒரு பக்கம் சாயும். அதற்கு யாராலும் பொய் சொல்லிக்கொடுக்க முடியாது.

குற்றாலலிங்கம் பேசத் தொடங்கினால் நூல் சாயும்.

"தோசைக்கல் மாதிரி வட்டமா ஒண்ணு செஞ்சாங்க. தனியா இறக்கை கிடையாது. உடம்புதான் இறக்கை."

"நூல்."

"அதுவும் பறந்துச்சு மேடம். தோசைக்கல்லு!"

"நூல், சார்."

இறங்கியதும் கேட்பார்.

"எப்படி மேடம், தேறுவேனா?"

"பாதி நேரம் நீங்க இந்த விமானத்துலயே இல்ல."

"பின்ன எதுல இருந்தேன்?"

"தோசைக்கல்லுல."

அவர் சிரிப்பார். ஓடுதளத்தின் மறுகோடியில் வின்ச் ஓட்டுகிறவருக்கும் கேட்கும் என்பார் பெனிட்டா.

*

கிளைடரை ஏற்றி இறக்கிச் சாய்க்கும் கைப்பிடிதான் ஸ்டிக். இரண்டு சீட்டுக்கும் தனித்தனியாக உண்டு. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பிடித்து இழுத்தால் வம்பு. அதனால் ஒரு வழக்கம்.

பின்னால் இருப்பவர் "என் கை" என்றால், முன்னால் இருப்பவர் ஸ்டிக்கை விட்டுவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். "உங்க கை" என்றால் திரும்பப் பிடித்துக்கொள்ளலாம். ஏன் என்று கேட்கக் கூடாது. மேலே கேள்விக்கு நேரம் கிடையாது.

ஒரு நாள் காலையில் அவர் மறுபடியும் கேட்டார்.

"எப்போ மேடம்?"

பெனிட்டா ஏறி உட்கார்ந்தார்.

மேலே போனதும் அவர் தொடங்கினார்.

"ஒன்பது இறக்கை வெச்சு ஒருத்தர்..."

"என் கை."

குற்றாலலிங்கம் கையை எடுத்தார். ஏதோ ஆபத்து என்று நினைத்து இடமும் வலமும் பார்த்தார். வானம் காலியாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, "உங்க கை."

பிடித்துக்கொண்டார். நூல் நேராக வந்தது.

"...ஒரு ஏரியில கொண்டுபோய் விட்டாரு மேடம். ரெண்டாவது தடவை..."

"என் கை."

"என்ன மேடம், வாயைத் திறந்தா புடுங்கிக்கிறீங்க!"

தரையில் சக்கரம் படும்வரை ஸ்டிக் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

அன்று முதல் அதுதான் பாடம். பேசினால் கை போகும். பேசாவிட்டால் கை வரும். பெனிட்டா அதை ஒருமுறைகூட விளக்கிச் சொன்னதில்லை.

குற்றாலலிங்கம் உதட்டைக் கடித்துக்கொண்டு பறந்தார். வாயில் ஏலக்காய் போட்டுக்கொண்டு பறந்தார். ஒரு தடவை வாயில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வந்தார். "தும்மல் வரும்னு கட்டியிருக்கேன் மேடம்" என்றார். யாரும் நம்பவில்லை.

பிறகு கூழைக்கடா வந்தது.

பக்கத்துக் கண்மாயிலிருந்து கிளம்பியிருக்க வேண்டும். ஏறுகிற வெப்பக்காற்றில் கிளைடரோடு சேர்ந்து அதுவும் வட்டமிட்டது. இறக்கையை அசைக்கவே இல்லை. அந்தப் பெரிய அலகை மார்பில் சாய்த்துக்கொண்டு, கைக்கெட்டும் தூரம் என்று தோன்றுகிற அளவுக்குப் பக்கத்தில் வந்தது.

குற்றாலலிங்கம் அதைப் பார்த்தார்.

ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. தொண்டையிலிருந்து "ம்" என்று ஒன்று புறப்பட்டது.

"என் கை."

வேப்பமரத்தடியில் இந்த இடம் வந்ததும் நாங்கள் எல்லோரும் சிரிப்போம். பெனிட்டாவும் சிரிப்பார்.

இறங்கியதும் அவர் மூடியைத் திறந்துகொண்டு திரும்பினார்.

"கூழைக்கடா மேடம்! கடல்ல இறங்குற விமானம் இருக்கே, அதோட அடிவயிறு அப்படியே அதுதான். யாரோ இதைப் பக்கத்துல வெச்சுப் பார்த்துத்தான் செஞ்சிருக்கணும். அதை மட்டும் சொல்லவிட்டிருக்கலாம்."

"தரையில சொல்லுங்க சார். எவ்வளவு நேரம்னாலும் கேக்கறேன்."

"தரையில அது எங்க இருக்கு?"

*

அதற்குப் பிறகு அவர் பேசுவது குறைந்தது.

முதலில் மேலே குறைந்தது. பிறகு, கிளைடரைத் தள்ளிக்கொண்டு வரும்போது. பிறகு டீ குடிக்கும்போது.

எப்போது தனியாக விடுவீர்கள் என்று கேட்பதும் நின்றது.

ஒரு நாள் பறந்து இறங்கினார்கள். கம்பி கழன்றதிலிருந்து சக்கரம் தரையைத் தொட்டதுவரை நூல் அசையவே இல்லை.

பெனிட்டா பின் சீட்டிலிருந்து இறங்கினார். காலியான சீட்டின் பெல்ட்டுகளை, தொங்கி எதிலும் மாட்டிக்கொள்ளாதபடி இறுக்கிக் கட்டினார். முன்பக்கம் வந்து மூடியைச் சாத்தும்முன் குனிந்தார்.

"உங்க கை."

தனியாகப் போங்கள் என்பதற்கு அங்கே வேறு சடங்கு எதுவும் கிடையாது.

அவர் போனார்.

பெனிட்டா தரையில் ரேடியோவோடு நின்றார். முதல் தடவை தனியாகப் போகிறவர்கள் எல்லோரும் ஏதாவது செய்வார்கள். சிலர் பாடுவார்கள். ஒருவர் அம்மாவைக் கூப்பிட்டு அழுதிருக்கிறார். குற்றாலலிங்கத்திடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. சொல்லித்தந்த இடத்தில் திரும்பினார். சொல்லித்தந்த உயரத்தில் வந்தார். கோடு கிழித்ததுபோல இறங்கினார்.

வழக்கப்படி ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள். கை தட்டினார்கள். அவர் சொட்டச் சொட்ட நின்றார்.

"எப்படி சார் இருந்துச்சு?" என்று கேட்டார் பெனிட்டா.

குற்றாலலிங்கம் யோசித்தார்.

"நூல் நேரா இருந்துச்சு மேடம்."

அவ்வளவுதான் சொன்னார்.

இத்துடன் பெனிட்டா எழுந்து, உடையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு, "வாங்க, போகலாம்" என்பார். அன்று யாரும் மேலே வாயைத் திறக்கமாட்டோம்.

நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். நன்றாகவே கற்றுக்கொண்டேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனாலும், தனியாக மேலே இருக்கும்போது சில நாள் தோன்றும். அவ்வளவு ஆசையோடு வந்த மனிதருக்கு, நூல் நேராக இருந்தது மட்டும்தானா தெரிந்தது?

*

இந்த வருடம் பெனிட்டாவுக்கு இடுப்புவலி. புதியவர்கள் வந்து மரத்தடியில் காத்திருந்தார்கள்.

"இன்னிக்கு நீங்க சொல்லுங்க. கதை தெரியும்ல?"

"முடிவு தெரியாது மேடம்."

"நூல் நேரா இருந்துச்சுன்னு சொல்றார்ல. அதான் முடிவு."

"அதுக்கு அப்புறம்?"

"அப்புறம் என்ன. அவர் வரல."

"டாக்டர் கையெழுத்துப் போடலையா?"

"பழைய கையெழுத்தே இன்னும் கொஞ்ச நாளைக்குச் செல்லும். வந்திருக்கலாம். வரல. அவர் சேத்துவெச்ச விமானப் படம், புத்தகம், கட்டையில செதுக்கின சின்னச் சின்ன விமானம், எல்லாத்தையும் பெட்டியில போட்டு இங்க அனுப்பிட்டார்."

"துறவி மாதிரி."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். பெருமையாக்கூட இருந்துச்சு. ஒருத்தரையாவது கரையேத்திவிட்டோமேன்னு."

"பெட்டி எங்க?"

"உள்ளதான் இருக்கு. யாரும் திறக்கறதில்ல."

அவர் ஓடுதளத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அப்புறம் ஒருதடவை பார்த்தேன். மெட்ராஸ்ல, ஏர்போர்ட்டுக்கு எதிர்ல, திரிசூலம் ஸ்டேஷன் வாசல்ல ஒரு டீக்கடை. மகன் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்திருந்தான். நல்லா இருக்கீங்களா, நல்லா இருக்கேன். அவ்வளவுதான் பேச்சு. அப்பதான் அது வந்துச்சு."

"எது?"

"சரக்கு விமானம். திமிங்கிலம் மாதிரி, நெத்தி வீங்கினாப்ல. பைலட் உக்கார்ற இடம் கீழ, தாடைக்கிட்ட. இந்த ஊருக்கு எப்பவாவதுதான் வரும். ரோடே நின்னு பார்க்குது. ஆட்டோக்காரங்க போனைத் தூக்கிப் படம் எடுக்கிறாங்க. டீ ஆத்துறவர் ஆத்துறதை விட்டுட்டார்."

"அவருக்குத் தெரிஞ்சுதா? கண்ணு..."

"தெரிஞ்சுது. அண்ணாந்து, அது ஏர்போர்ட் சுவருக்கு அந்தப் பக்கம் மறையுற வரைக்கும் பார்த்தார். நான் அவரையே பார்த்துக்கிட்டு நின்னேன். இப்ப சொல்வார், இப்ப சொல்வார்னு."

"சொல்லலையா?"

"நானே கேட்டேன். 'அது என்ன விமானம் சார்?'னு. எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டேன்."

வின்ச் ஓட்டுகிறவர் தூரத்தில் எஞ்சினைக் கிளப்பிப் பார்த்தார்.

"'பெரிசா இருக்கு மேடம்'னார்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். டீயைக் குடிச்சார். வரேன்னார். மகன் கையைப் புடிச்சு ரோட்டைத் தாண்ட வெச்சான்."

அவர் என் பக்கம் திரும்பினார்.

"இதை அவங்ககிட்டச் சொல்ல வேண்டாம். பயந்துடுவாங்க."

மரத்தடியில் புதியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

இத்தனை வருடம் கேட்காததை அப்போதுதான் கேட்டேன்.

"மேடம், அவர் முன் சீட்டுல பேசிக்கிட்டே பறந்தாரே, உங்களுக்கு அதைக் கேக்கப் பிடிச்சிருந்துதா?"